பூச்சாடிகளைத் தரையில் வைத்தவர்கள்

ஆர்விட் டொலெஃப்ஸ்ரூடை அடக்கம் செய்துவிட்டுத் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர்கள் இவர்கள். மேடையை ஒட்டிய நீள மேசையின் நடுவில் மார்லிஸ் ப்ரெக்கி, இறந்தவரின் தங்கை. அவளுக்கு வலப்பக்கம் பாதிரியார் டால். அவருக்கு அப்பால் மார்லிஸின் புகுந்த வீட்டு உறவுகள் ஐந்தாறு பேர். மார்லிஸுக்கு இடப்பக்கம் காலியாகக் கிடந்த நாற்காலி அவள் மகள் ரெனேவுக்கு. எதிரே ஜன்னலோர மேசைகளில் தேவாலயப் பெண்கள் சங்கத்தாரும் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களும். எல்லாருக்கும் கடைசியில், சமையலறைக் கதவை ஒட்டி, ஒரு தடித்த தூணுக்குப் பின்னால், ஒற்றை விளக்கு எரிகிற மூலையில் நான்கு வட்ட மேசைகள். அங்கே ஆர்விட்டின் நண்பர்கள். அச்சகத்தில் அவரோடு எழுத்துக் கோத்த லைல் கொவால்கி, அவருக்கு எதிரே பெர்னடீன் வாஸ், சுற்றிலும் காது கேளாதோர் மன்றத்து ஆட்கள் முப்பது பேருக்குக் குறையாமல்.

யார் எங்கே என்று திட்டம் போட்டவள் மார்லிஸ். முந்தின நாளே ரெனே சொல்லிப் பார்த்தாள்.

"அவங்களை முன்னாடி உக்கார வைம்மா."

"எதுக்கு? பேச்சுதான் அவங்களுக்குக் கேக்காதே. பின்னாடி இருந்தா என்ன, முன்னாடி இருந்தா என்ன?"

காது கேட்கிறவனைத் தூணுக்குப் பின்னால் அல்ல, சமையலறைக்குள்ளேயே உட்கார வைத்தாலும் பேச்சு அவனைத் தேடிக்கொண்டு போகும். கண்ணால் கேட்கிறவனுக்குத்தான் முன்வரிசை வேண்டும். இந்தச் சின்னக் கணக்கு எழுபத்தைந்து வருடமாக ஒரு அண்ணனோடு பிறந்து வளர்ந்தவளுக்கு ஏறவில்லை. ரெனே அதற்கு மேல் வாதாடவில்லை. ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்ப்பவள் அவள். கூட்டக் குறிப்பும் கடிதமும் எழுதியே பழகியவள். சண்டையைக்கூட வரிசை எண் போட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுப்பாள். இந்தச் சண்டையை அடக்கம் முடிந்தபின் எடுக்கலாம் என்று வைத்திருந்தாள்.

ஒவ்வொரு மேசைக்கும் நடுவில் மார்லிஸ் ஒரு கண்ணாடிச் சாடி வைத்திருந்தாள். ஒரு முழ உயரம். அதில் வெள்ளை லில்லியும் கிளாடியோலஸும் விசிறி மாதிரி விரிந்து நின்றன. லைல் வந்தார், நாற்காலியை இழுத்தார், உட்காருவதற்கு முன்பு சாடியை இரண்டு கையாலும் தூக்கித் தரையில், சுவரோரமாக வைத்தார். மற்ற மூன்று மேசைகளிலும் அதே நேரத்தில் அதே காரியம் நடந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு வருகிற மாதிரி, அத்தனை சாதாரணமாக.

மேடையோரத்திலிருந்து மார்லிஸ் அதைப் பார்த்தாள்.

"ரெனே, இங்க பாரு. என் பூவைத் தரையில தூக்கி வைக்கிறாங்க."

"முகம் மறைக்குதும்மா. முகம் மறைஞ்சா பேச்சு மறைஞ்சு போகும்."

"ஒரு வேளை கையைச் சும்மா வெச்சுக்கிட்டுச் சாப்பிட முடியாதா அவங்களால?"

"உன் மேசையில யாராவது வாயைச் சும்மா வெச்சிருக்காங்களா?"

ரெனே தன் நாற்காலியில் உட்காராமல், ஹாம் வைத்த பன்களையும் அடுப்பில் வேகவைத்தெடுத்த உருளைக்கிழங்கு ஹாட்டிஷையும் தட்டில் போட்டுக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனாள்.

அவளுக்கு ஏற்கெனவே ரத்தம் கொதித்துக்கொண்டிருந்தது. காலையில் மேலே வழிபாட்டில் பாதிரியார் டால் பேசியதுதான் காரணம். ரெனே ஏற்பாடு செய்திருந்த மொழிபெயர்ப்பாளர் தெரேசா, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அதை வார்த்தை விடாமல் கையால் சொன்னாள். "நம் சகோதரர் ஆர்விட் தன் வாழ்நாளெல்லாம் மௌனம் என்னும் சிறையில் தனியாக வாழ்ந்தார்." அது தெரேசாவின் கையில் வந்ததும் பின்வரிசையில் லைலின் தோள்கள் குலுங்கின. அவர் மனைவி கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டாள். அந்த வரிசை முழுக்கக் குனிந்து குலுங்கியது. பாவம், எப்படி அழுகிறார்கள் என்று பெண்கள் சங்கத்தார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர்கள் அழவில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தார்கள்.

"மௌனமாம். தனியாம். யாரு, ஆர்விட்டா?" என்று லைல் முழங்கால் மறைவில் கையை வைத்துக்கொண்டு பேசினார். "அந்தப் பாதிரியார் வேற ஏதோ பொணத்துக்கு எழுதினதைத் தூக்கிட்டு வந்துட்டாரு."

மன்றத்தில் ஆர்விட்டின் பெயரே வாயாடி. ஆங்கில எழுத்தில் எழுதுகிற பெயர் அல்ல, கையால் சொல்கிற பெயர். கேளாதவர்களுக்குள் கேளாதவர்களே பார்த்துக் கொடுக்கிற பெயர். விரல்கள் மோவாய்க்குக் கீழே ஓயாமல் படபடக்கும், அதுதான் அவர். அச்சகத்தில் இயந்திரங்கள் போடுகிற சத்தத்தில் காது கேட்கிறவர்கள் பக்கத்தில் நிற்பவனிடம் ஒரு வார்த்தை சொல்லத் தொண்டை கிழியக் கத்தவேண்டும். ஆர்விட்டும் லைலும் கூடத்தின் இரண்டு கோடியில் நின்றுகொண்டு மேலாளரின் டோப்பா முடியைப் பற்றி மதியம் வரை பேசுவார்கள். அரசியல், பேஸ்பால், யார் யாரோடு ஓடிப்போனாள், மீன் எங்கே கடிக்கிறது, எதையும் விடமாட்டார். மன்றத்தைப் பூட்டுகிற நேரம் வந்தால் சாவி வைத்திருப்பவர் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார். மற்றவர்கள் கோட்டைத் தேடுவார்கள். ஆர்விட் நடைபாதைக்குப் போய்த் தெருவிளக்கின் கீழே மிச்சக் கதையைத் தொடர்வார்.

அதே ஆர்விட், நன்றி நவிலும் நாளிலும் கிறிஸ்துமஸிலும் மார்லிஸின் சாப்பாட்டு மேசையில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். எல்லாரும் சிரிக்கும்போது தலை தூக்குவார். தங்கையின் சட்டைக் கையை மெல்ல இழுத்து, என்ன என்று புருவத்தால் கேட்பார். மார்லிஸ் வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்வாள்: "அப்புறம் சொல்றேன்." உலகத்தில் வேறெந்த வாக்கியத்தையும்விட அந்த வாக்கியத்தைத்தான் அவர் உதட்டில் சுலபமாகப் படித்தார். அத்தனை தடவை பார்த்திருந்தார். அந்த அப்புறம் ஒரு நாளும் வரவில்லை.

ரெனே சின்ன வயதில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்தவள். ஆறு வருடங்களுக்கு முன்பு, நாற்பது வயதை நெருங்கும்போது, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கையில் குறிப்புத்தாள் கட்டோடு மன்றத்து வாசலில் போய் நின்றாள். மாமாவால் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. ஒரு சொல்லைக் காட்டுவார், அது அவருக்கு ஒரு கதையை நினைவுபடுத்தும், அப்புறம் நிறுத்த முடியாது. பெர்னடீன்தான் அவளை எடுத்துக்கொண்டாள். பெர்னடீனின் விதி ஒன்றே ஒன்று. மன்றத்துக்குள் குரல் எழுப்பினால் எல்லாருடைய காபிக் கோப்பையும் நீதான் கழுவவேண்டும். முதல் குளிர்காலம் முழுக்க ரெனே கோப்பை கழுவினாள்.

"உன் கை நல்லாத்தான் இருக்கு. முகம்தான் செத்த முகம்" என்பாள் பெர்னடீன். "கேள்வி கேக்கறியா, புருவத்தைத் தூக்கு. கோபமா, கோபத்தைக் காட்டு. உங்க ஆளுங்க முகத்தைப் பீரோவுல பூட்டிட்டு வாயை மட்டும் வெளிய எடுத்துட்டு வரீங்க."

இரண்டு வருடம் கழித்து அவளுக்கும் ஒரு பெயர் கொடுத்தார்கள். உள்ளங்கையில் விரலால் கிறுக்குவது மாதிரி ஒரு அசைவு. குறிப்பெழுதி. மாமா அதைப் பார்த்து மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

கேக் துண்டுகள் வந்தபோது மார்லிஸ் எழுந்து கண்ணாடிக் கோப்பையைக் கரண்டியால் தட்டினாள். முன்பக்கத்து மேசைகள் அமைதியாயின. பின்பக்கத்து மேசைகள் பேசிக்கொண்டே இருந்தன. மார்லிஸ் இன்னும் பலமாகத் தட்டினாள். ரெனே போய் அந்த மூலை விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டாள். முப்பது முகங்களும் ஒன்றாகத் திரும்பின. வழிபாடு முடிந்ததும் தெரேசா போய்விட்டிருந்தாள், சாப்பாட்டுக்கும் மொழிபெயர்ப்பாளர் எதற்கு என்று மார்லிஸ் வேண்டாம் என்றிருந்தாள். ரெனே தூணுக்கு முன்னால், வெளிச்சத்தில் வந்து நின்றுகொண்டாள்.

"அண்ணனுக்குக் கல் ஒண்ணு சொல்லியிருக்கேன்" என்றாள் மார்லிஸ். "எல்லாரும் பாக்கணும்னு படத்தைக் கொண்டு வந்தேன்."

பக்கத்தில் தாங்கியில் நின்ற பலகையின் மேல் போர்த்தியிருந்த துணியை இழுத்தாள். சாம்பல் நிறக் கல்லின் படம், பெரிதாக. மேலே கூப்பிய இரண்டு கைகள். நடுவில் பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம். கீழே, தூணுக்குப் பின்னாலிருந்தும் படிக்கிற அளவுக்கு: இப்போது அவன் கேட்கிறான்.

பெண்கள் சங்கத்தார் மூச்சை இழுத்து விட்டார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்தாள்.

லைல் எழுந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேசைகளுக்கு நடுவே நடந்து போய்ப் பலகைக்கு முன்னால் நின்று, அச்சுப்பிழை தேடுகிறவர்போல் வாசகத்தை ஒருமுறைக்கு இருமுறை படித்தார். பிறகு திரும்பினார். மார்லிஸைப் பார்க்கவில்லை. ரெனேவைப் பார்த்தார்.

"யார் எழுதினது இது?"

"அம்மா."

பின்னாலிருந்து பெர்னடீன் மேசையில் ஓங்கி அடித்தாள். தரை அதிர்ந்து ரெனே திரும்பினாள்.

"உனக்கு முன்னாடியே தெரியும்" என்றாள் பெர்னடீன். "துணியை எடுத்தப்ப எல்லார் முகத்தையும் பாத்தேன். உன் முகத்துல ஆச்சரியம் இல்ல."

கேளாதவர்களிடம் முகத்தை மறைக்க முடியாது. பெர்னடீனே உடைத்த பூட்டு அது.

"ஒரு வாரமாத் தெரியும்" என்றாள் ரெனே. "மாமா உயில்ல எல்லாத்துக்கும் பொறுப்பா என் பேரைத்தான் போட்டிருக்கார். நான் கையெழுத்துப் போட்டாத்தான் பட்டறையில வெட்டுவாங்க. இன்னும் போடல. அடக்கம் முடியட்டும், அப்புறம் அம்மாகிட்டப் பேசிக்கலாம்னு..."

பெர்னடீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதைப் பார்த்த மேடையோரத்து ஆட்களுக்கு ஒரு கிழவி களைத்துப்போய்க் கண்ணயர்ந்த மாதிரிதான் தெரிந்திருக்கும். அந்த நான்கு மேசைகளுக்கும் தெரியும். கேட்கிறவன் கோபித்துக்கொண்டால் எழுந்து கதவை அறைந்து சாத்திவிட்டுப் போவான். கேளாதவர்களுக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இமையைச் சாத்தினால் போதும். நீ எனக்கு இல்லை, உன் பேச்சு எனக்கு வேண்டாம், அழுதாலும் கெஞ்சினாலும் என்னிடம் வந்து சேராது. ரெனேவின் கைகள் அந்தரத்தில் நின்றன. ஆறு வருடத்தில் அவளிடம் அப்படிக் கண் மூடியவர் யாரும் இல்லை.

லைல் அவள் தோளைத் தட்டினார். "நான் சொல்றதை உங்கம்மாகிட்டச் சொல்லு. ஒண்ணும் விடாதே. சர்க்கரை தடவாதே."

அவர் கை போக, ரெனே வாயால் சொன்னாள்.

"லைல் சொல்றார்: சொர்க்கத்துல எல்லாருக்கும் காது கேக்கும்னா, அங்க எங்களுக்கு என்ன வேலை? ஆர்விட் அங்க யாரோட பேசுவான்? இந்த ஊர்ல எங்களைச் சரிபண்றேன் சரிபண்றேன்னு எத்தனை டாக்டருங்க வந்தாங்க. அவங்களை எல்லாம் தாண்டிச் செத்து மேல போனா, அங்கேயும் ஒரு டாக்டர் கத்தியோட நிக்கிறாரா?"

பாதிரியார் டால் கையை உயர்த்தினார். "நண்பரே, அது ஒரு விசுவாச வாக்கியம். ஆறுதலுக்காக..."

"யாரோட ஆறுதலுக்கு?" என்றார் லைல். ரெனே அதையும் சொன்னாள்.

மார்லிஸின் கழுத்து சிவந்தது. "இது எங்க குடும்பத்துக் கல்லு. அவன் பக்கத்துல படுக்கப்போறவ நான். எனக்கு இடம் வாங்கி வெச்சிருக்கேன். வாரத்துல ஒரு நாள் சீட்டாட வந்தவங்கல்லாம் குடும்பம் ஆயிடுவாங்களா?"

ரெனேவின் கை உயர்ந்தது.

"அதையெல்லாம் அவங்களுக்குச் சொல்லிட்டிருக்காதே" என்றாள் மார்லிஸ். "எதுக்கு வீணா மனசு கஷ்டம். அப்புறம் சொல்லிக்கலாம்."

அந்த வார்த்தை விழுந்ததும் ரெனேவுக்குள் வரிசை எண் போட்டு அடுக்கி வைத்திருந்ததெல்லாம் சரிந்தது. அவள் நான்கு மேசைகளையும் பார்த்துத் திரும்பி நின்று, அம்மா சொன்னதை ஒரு சொல் விடாமல் கையால் சொன்னாள். குடும்பத்துக் கல். சீட்டாட வந்தவர்கள். அதைச் சொல்லாதே என்று சொன்னதையும் சொன்னாள். அப்புறம் என்று சொன்னதையும் சொன்னாள். பக்கத்து ஆள் முழங்கையால் இடித்ததில் பெர்னடீன் ஒரு கண்ணைத் திறந்தாள்.

பிறகு ரெனே அம்மாவைப் பார்த்துத் திரும்பினாள். வாயை மூடிக்கொண்டாள். கையால் மட்டும் பேசினாள்.

"சீட்டாட வந்தவங்கதான் அவருக்கு நெஞ்சுவலி வந்தப்ப ஆஸ்பத்திரியில ராத்திரி பகலா உக்காந்தாங்க. நீ பூ அனுப்பின. அவர் எப்படிச் சிரிப்பார்னு உனக்குத் தெரியுமா? உன் வீட்ல அவர் சிரிச்சதே இல்ல. உன் மேசையில இருந்தது மாமா இல்ல, மாமாவோட கோட்டு."

"வாயால பேசுடி."

"மௌனச் சிறைன்னு அந்தாளு சொன்னாரே, அந்தச் சிறைக்கு உன் சாப்பாட்டு அறைன்னு பேரு. வருஷத்துக்கு ரெண்டு தடவை உள்ள போயிட்டு வருவார். வெளிய வந்ததும் வண்டியிலேயே உங்க எல்லாரையும் நடிச்சுக் காட்டுவார். எட்வின் சித்தப்பா மென்னுக்கிட்டே பேசறது, நீ அகலமா வாயைத் திறக்கறது. தத்ரூபமா இருக்கும்."

ரெனே மாமாவின் அந்த நடிப்பை அப்படியே நடித்தாள். தாடை ஏறி இறங்க, கன்னம் உப்ப. லைல் முதலில் சிரித்தார், கேளாதவர்கள் சிரிக்கிற மாதிரி, கட்டில்லாத குரலில். பிறகு நான்கு மேசையும் சிரித்தது. பெர்னடீன் இரண்டு கண்ணையும் திறந்து மேசையைக் குத்திக் குத்திச் சிரித்தாள்.

மார்லிஸ் அந்த முகங்களைப் பார்த்தாள். பாதிரியாரைப் பார்த்தாள். "என்ன சொல்றா இவ?" பாதிரியார் தெரியாது என்று உதட்டைப் பிதுக்கினார். அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து மகளின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எதுக்குச் சிரிக்கிறாங்க? என்னடி சொன்ன?"

ரெனே அம்மாவின் முகத்துக்கு நேரே வாயை அகலமாகத் திறந்தாள். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

"அப்... புறம்... சொல்... றேன்."

கூடத்தில் ஒரு கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. மார்லிஸ் சட்டைக் கையை விட்டாள். கோட்டை எடுத்துக்கொண்டு படியேறிப் போனாள். பலகையை எடுத்துப்போகக் கூட நிற்கவில்லை. அவள் பின்னாலேயே பாதிரியாரும், கொஞ்சநேரத்தில் பெண்கள் சங்கத்தாரும், மீந்த ஹாட்டிஷை அலுமினியத் தாளில் மூடி எடுத்துக்கொண்டு போனார்கள். போகிறபோது ஒருத்தி ரெனேவின் காதில் போட்டுவிட்டுப் போனாள்: "பெத்தவளை இப்படிப் பண்ணலாமாம்மா?" பண்ணலாம் என்று ரெனே வாய்விட்டே சொன்னாள்.

கேளாதவர்கள் போகவில்லை. அவர்கள் விடைபெறுவதற்கே தனியாக ஒரு பொழுது வேண்டும். கோட்டை மாட்டிக்கொண்டு நின்று பேசுவார்கள், கதவருகே போய்ப் பேசுவார்கள், மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்து பேசுவார்கள். பெர்னடீன் பலகைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இந்தக் கையையும் எடுக்கச் சொல்லு" என்றாள்.

"ஜெபம் பண்ற கைதானே?"

"கூப்பின கை பேசாது. இது வாயில பிளாஸ்திரி ஒட்டின மாதிரி." ரெனேவைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். "கோபம் உனக்கு நல்லாத்தான் வருது. முகம்கூட உயிரோட இருந்தது. ஆனா அதை ஒரு வாரம் முன்னாடி, கதவைச் சாத்திட்டு உங்கம்மாகிட்டக் காட்டியிருக்கணும். எங்களைச் சாட்சிக்கு நிறுத்திட்டுக் காட்டினா, அதுல பாதி நாடகம்."

ரெனே பலகையைத் தாங்கியிலிருந்து எடுத்துச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

"அப்ப கல்லுல என்ன போடறது?" என்று லைல் கேட்டார். ஆளுக்கொன்று சொன்னார்கள். வாயாடி என்று மட்டும் போடு என்றார் ஒருவர். மீன் படம் போடு என்றார் இன்னொருவர். கைப்பெயரைப் படமாக வெட்டலாமா என்று கேட்டதற்கு, ஆடாத கை பெயராகாது என்று பெர்னடீன் தள்ளினாள். விவாதம் சூடாகி எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கூடத்தைப் பூட்ட வேண்டிய ஸ்டென்விக் சாவிக்கொத்தோடு படியில் நின்று இருமினார், செருமினார், "நேரமாச்சு" என்று கத்தினார். ஒன்றும் நடக்காததால் கடைசியில் சுவரில் இருந்த பொத்தானை ஓர் அடி அடித்தார்.

இருட்டு. முப்பது பேரின் பேச்சும் பாதிச் சொல்லில் நின்றது.

விளக்கு திரும்ப வந்தபோது லைல் ஸ்டென்விக்கைச் சுட்டிக்காட்டிக்கொண்டு நின்றார். அவர் முகம் நனைந்திருந்தது. இந்த முறை அது சிரிப்பு இல்லை.

"அதைப் போடு" என்றார். "விளக்கை அணைக்கும்வரை பேசிக்கொண்டே இருந்தார். அதைப் போடு கல்லுல. யாரு வந்து நின்னு படிச்சாலும், அந்தக் கிழவன் மௌனமா இருந்தான்னு ஒருத்தனும் சொல்லக்கூடாது."

யாரும் மாற்றுச் சொல்லவில்லை. பெர்னடீன் ரெனேவின் உள்ளங்கையை இழுத்து, அதில் விரலால் கிறுக்கினாள். அவள் பெயர்.

"எழுது" என்றாள். "அப்புறம்னு சொல்லாதே."

அம்மாவின் வீட்டுக்கு ரெனே அன்று சாயங்காலமே போனாள். சமையலறையில் மார்லிஸ் கருப்புடையைக் கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அத்தனை பேருக்கு முன்னாடி என்னை முட்டாளாக்கிட்ட."

"ஆமா. அஞ்சு நிமிஷம். எப்படி இருந்தது?"

மார்லிஸ் மேசை விரிப்பை இழுத்து நேராக்கினாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனைக்கிற. வைக்கோல் பரண்ல நாங்க ரெண்டு பேரும் கையாலதான் பேசுவோம். எங்களுக்குன்னு ஒரு பாஷை. பசுவுக்கு ஒண்ணு, அப்பாவுக்கு ஒண்ணு, மழைக்கு ஒண்ணு. கை பேசினா அவனுக்கு வாய்ப்பேச்சு வராதுன்னு பள்ளிக்கூடத்துல இருந்து சொல்லியனுப்பினாங்க. எங்கம்மா மரக்கரண்டியால என் கையைத்தான் அடிச்சா. அவன் கையை இல்ல. காது கேக்கற நீதான் அவனைக் கெடுக்கறேன்னு என்னை அடிச்சா."

ரெனேவுக்கு இது தெரியாது. ஒரு கணம் அம்மாவின் கையைப் பார்த்தாள். கோபம் அடங்கும் என்று எதிர்பார்த்தாள். அடங்கவில்லை. அது இன்னும் பின்னால் போய், பார்த்தேயிராத ஒரு பாட்டியின் கரண்டி வரைக்கும் நீண்டது.

"பாட்டி செத்து அம்பது வருஷம் ஆச்சேம்மா. அதுக்கப்புறம் யாரு உன் கையை அடிச்சா?"

"எனக்கு அவன்கிட்டச் சொல்லவேண்டியது நிறைய இருக்கு" என்றாள் மார்லிஸ். "மேல போனா அவனுக்குக் கேக்கும். அப்ப சொல்லிக்குவேன். அதுக்குத்தான் அந்த வரி."

"சொல்றதுக்கு எழுபது வருஷம் பக்கத்து நாற்காலியிலேயே இருந்தார். அவருக்குக் காது வரணும்னு சாவு வரைக்கும் காத்திருக்க உனக்கு முடிஞ்சது. உனக்குக் கை வரணும்னு ஒரு வியாழக்கிழமை வர முடியல. மேல போனா அவர் ஏன் மாறணும்? அங்க போயாவது நீ கத்துக்கோ. அந்த வரியை எடுத்துட்டு, விளக்கை அணைக்கும்வரை பேசிக்கொண்டே இருந்தார்னு வெட்டச் சொல்லப்போறேன்."

"அந்தக் கல்லை நட்டா நான் அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கமாட்டேன். என் இடத்தை வித்துடுவேன்."

"சரி."

"கையெழுத்துப் போடாதே ரெனே."

"போடறேம்மா. உன்கிட்டச் சொல்லிட்டுப் போடணும்னுதான் வந்தேன். அப்புறம் சொல்றேன்னு விடல பாரு."

கதவைத் திறக்கும்போது பின்னால் நாற்காலி நகர்ந்தது. திரும்பினாள். மார்லிஸ் எழுந்து நின்றிருந்தாள். வலது கை மார்பு உயரத்துக்கு வந்து, விரல்கள் சிறு வட்டமாக ஏதோ செய்யத் தொடங்கி, பாதியில் நின்றன. பசுவா, மழையா, அண்ணனா, ரெனேவுக்குத் தெரியவில்லை. அந்தப் பாஷை தெரிந்த இன்னொரு ஆளை அன்று காலைதான் புதைத்திருந்தார்கள். மார்லிஸ் கையைக் கீழே போட்டு உடையில் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் ரெனே அலுவலகத்தைத் திறந்ததும் முதல் வேலையாகக் கடிதத்தை எழுதினாள். கல்லறைக் கல் பட்டறை, திரு குந்த்லாக் அவர்களுக்கு. தாங்கள் அனுப்பிய படம் கிடைத்தது. அதில் கீழ்க்கண்ட மாற்றங்களைச் செய்யவும். ஒன்று: கூப்பிய கைகள் வேண்டாம், அந்த இடம் வெறுமையாக இருக்கட்டும். இரண்டு: அடியில் உள்ள வாசகத்தை முழுவதுமாக நீக்கவும். மூன்று: அதற்குப் பதிலாக இதை வெட்டவும். விளக்கை அணைக்கும்வரை பேசிக்கொண்டே இருந்தார். நான்கு: இந்த வாசகம் குறித்து எனக்கு வேறு யாரிடமிருந்தும் ஒப்புதல் தேவையில்லை, வேறு யார் வந்து மாற்றச் சொன்னாலும், அவர் என் தாயாராகவே இருந்தாலும், மாற்ற வேண்டாம்.

ஐந்து என்று எழுதினாள். பேனா நின்றது. கல்லைப் பார்க்கப் பட்டறைக்குக் கேளாதவர்கள் சிலர் வருவார்கள், அவர்களிடம் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று பேசாதீர்கள், முகத்தில் வெளிச்சம் விழும்படி நில்லுங்கள், தெரியாவிட்டால் எழுதிக் காட்டுங்கள், அப்புறம் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள் என்று எழுதி முடித்தாள். கையெழுத்துப் போட்டாள். நிப் தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்திப் போட்டாள்.

மடித்து உறையில் வைத்து, ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டி, முஷ்டியால் குத்தி அழுத்தினாள். தபால் வண்டி வாசலில் வந்து நின்றது. கோட்டு கூடப் போடாமல் பனியில் இறங்கிப் போய், பெட்டியில் போடாமல், வண்டிக்காரியின் கையிலேயே கொடுத்தாள்.